மார்க்கரா நான் போட்ட கையெழுத்து

வணக்கம் மக்களே. இன்னைக்கு கோல்ஃப்ல பங்கர் ஷாட், அதாவது மணல் குழியில இருந்து பால அடிக்கறது எப்படினு வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம் வரும். இன்னைக்கு வேற ஒரு விஷயம் பேசணும், மூணு வாரமா மனசப் போட்டு அரிச்சுட்டே இருக்கு, இத பேசாம அந்த பங்கர் வீடியோவ எடுக்கவே எனக்கு முடியல. கேமராவ கார் டேஷ்போர்டுல வச்சிருக்கேன், வெளிய லாரி போற சத்தம் வரும், பொறுத்துக்கோங்க.

புதுசா பாக்கறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். நம்ம தெரு கிரிக்கெட்ல பேட்டிங் டீம் பையனேதான் அம்பயரா நிப்பான், ஆனா எதிர் டீம் மொத்தமும் கத்தும், ரன் அவுட்டா இல்லையானு அரை மணி நேரம் சண்டை நடக்கும், எல்லார் கண்ணு முன்னாடியும் ஒரு முடிவு வரும். கோல்ஃப்ல அப்படி இல்லைங்க. கிளப்ல மாசாமாசம் மெடல் போட்டி நடக்கும், மொத்தம் எத்தனை ஷாட் அடிச்சோம்னு எண்ணி ஜெயிச்சவர முடிவு பண்ற போட்டி, 60 பேர் ஆடுறாங்கன்னா நாலு நாலு பேரா பிரிஞ்சு போயிடுவோம், உங்க கூட வர்றது மூணு பேரு, அப்புறம் எங்க கோல்ஃப் பைய தூக்கிட்டு வர்ற கேடிங்க (caddie). ரெஃப்ரி கிடையாது, கேமரா கிடையாது. பால் மரத்துக்குள்ள போச்சுன்னா அங்க நடக்கறது உங்களுக்கும் அந்த மரத்துக்கும்தான் தெரியும்.

அதுக்காகத்தான் மார்க்கர்னு ஒருத்தர வச்சிருக்காங்க. ஆரம்பிக்கும்போதே கார்ட மாத்திக்குவோம், என் ஸ்கோர நீங்க எழுதணும், உங்க ஸ்கோர நான் எழுதணும், 18 ஹோல், அதாவது 18 குழியும் ஆடி முடிஞ்சதும் ஆடினவரும் மார்க்கரும் ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் அந்த கார்டு செல்லும். வெளிய இருந்து பாத்தா சும்மா ஒரு கையெழுத்துதான். ஆனா அந்த ஹோல்ல இல்லாத மீதி 56 பேருக்கும் சேத்து கண்ணா இருக்கறவன் அந்த மார்க்கர்தான். இது எனக்கு ரொம்ப வருஷமா தெரியும், தெரிஞ்சே நான் ஒரு தப்பு பண்ணேன், அதான் விஷயம்.

கிளப் பேரு சொல்ல மாட்டேன், ஊர் பேரும் சொல்ல மாட்டேன், கமெண்ட்ல கேக்காதீங்க ப்ளீஸ்.

என்னப் பத்தி கொஞ்சம் சொன்னாத்தான் மீதி புரியும். எங்க அப்பா 30 வருஷத்துக்கு மேல கேடியா இருந்தவரு. அந்த வார்த்தை நம்ம ஊர்ல எப்படினு உங்களுக்கே தெரியும், ஸ்கூல்ல அப்பா என்ன வேலைனு டீச்சர் கேட்டா நான் எந்திரிச்சு "கேடி"ன்னு சொல்லுவேன், மொத்த கிளாஸும் போலீஸ்காரன் தேடுற கேடின்னு நினைச்சு சிரிக்கும், வீட்டுக்கு வந்து அழுதிருக்கேன். அப்பா ஒருநாள் உக்கார வச்சு சொன்னாரு, தம்பி, நான் ஒருத்தரோட பைய மட்டும் தூக்கலடா, அவரு அடிக்கற பால் எங்க விழுந்துச்சுனு பொய் இல்லாம சொல்றவன் நான்னு. திங்கக்கிழமைல கேடிங்க ஆடிக்கலாம்னு விடுவாங்க, அப்படித்தான் பழைய 7 அயர்ன் மட்டை ஒண்ணு வச்சு நான் கத்துக்கிட்டேன். இப்ப கம்பெனி மூலமா மெம்பர்ஷிப் கிடைச்சு அதே கோர்ஸ்ல மெம்பரா ஆடறேன், ஹேண்டிகேப் 11, அதாவது என் திறமைக்கு ஏத்த மாதிரி மொத்த ஷாட்ல இருந்து கழிச்சுக்கற எண்ணிக்கை.

சரி, அன்னைக்கு நடந்தது. மெடல் ரவுண்டு, நான் மார்க் பண்ண வேண்டியது ஒரு சீனியர் மெம்பருக்கு. சார்னே சொல்றேன். எனக்கு நல்லது பண்ணவர்தான், நான் புதுசா சேந்தப்ப கேடியோட பையன்னு சில பேரு கூட ஆடத் தயங்கினப்போ என்ன அவரோட நாலு பேர் குரூப்ல சேத்துக்கிட்டவரு. 14வது ஹோல், பார் 4, அதாவது நாலு ஷாட்ல முடிக்க வேண்டிய ஹோல். சாரோட டீ ஷாட், ஹோல் ஆரம்பிக்கற இடமான டீயில இருந்து அடிக்கற முதல் ஷாட், வலது பக்கம் போயி யூகலிப்டஸ் மரத்துக்குள்ள விழுந்துச்சு. தேடறோம் தேடறோம், கிடைக்கல. 2019ல ரூல மாத்தினதுல இருந்து தேடறதுக்கு மூணு நிமிஷம்தான், முன்னாடி அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. மூணு நிமிஷம் ஆகப்போற நேரத்துல சார் அவரோட கேடி அண்ணன ஒரு பார்வை பாத்தாரு. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. அண்ணன் குனிஞ்சாரு, பேண்ட் பாக்கெட்டுல இருந்து கை வெளிய வந்துச்சு, "சார், இங்க இருக்கு"ன்னு குரல் வந்துச்சு. நான் பத்தடி தள்ளி நின்னுட்டு இருந்தேன். பாத்தேன்.

அந்த பால் தொலஞ்சிருச்சுன்னா கணக்கு என்னன்னா, ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, அதாவது ஸ்கோர்ல ஒரு ஷாட் கூடும், திரும்ப டீக்கு நடந்து போயி மூணாவது ஷாட்ட அங்க இருந்து அடிக்கணும். சார் மரத்தடியில இருந்தே ரெண்டாவது ஷாட்டா அடிச்சாரு. அஞ்சுல முடிச்சாரு. நேர்மையா ஆடியிருந்தா ஏழுக்கு கம்மியா வர்றது ரொம்ப கஷ்டம். நான் உங்க பால்தானா சார், மார்க் காட்டுங்கனு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒவ்வொருத்தரும் பால்ல பேனாவால ஒரு அடையாளம் போட்டிருப்போம், கேக்கறது தப்பே கிடையாது. கேக்கல. கார்டுல 5னு எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். ஹேண்டிகேப்ப கழிச்சா வர்ற நெட் ஸ்கோர் 68ல சார் ஜெயிச்சாரு, ரெண்டாவது வந்த காலேஜ் பையன் நெட் 69. ஒரே ஒரு ஸ்ட்ரோக். அந்த பையன் கை தட்டிட்டு நின்னான், அத இப்பவும் என்னால மறக்க முடியல.

இந்த இடத்துல பாபி ஜோன்ஸ் பத்தி சொல்லணும். அமெரிக்கர், கடைசி வரைக்கும் காசுக்கு ஆடாம அமெச்சூராவே ஆடினவரு. 1925 யூஎஸ் ஓபன், மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் கண்ட்ரி கிளப். முதல் ரவுண்டு 11வது ஹோல்ல பால் புல்லுக்குள்ள கிடக்கு, அடிக்க மட்டைய வைக்கும்போது பால் லேசா அசைஞ்சிருச்சு. பக்கத்துல இருந்த யாரும் பாக்கல, அதிகாரிங்க விசாரிச்சாங்க, ஒருத்தரும் பாத்ததா சொல்லல, அவரு மட்டும் இல்ல அசைஞ்சுச்சுனு ஒத்தக்கால்ல நின்னு தனக்குத்தானே ஒரு ஸ்ட்ரோக் போட்டுக்கிட்டாரு. நாலு ரவுண்டு முடிஞ்சு பாத்தா வில்லி மேக்ஃபர்லேன் கூட டை, அப்புறம் 36 ஹோல் பிளே ஆஃப்ல ஒரு ஸ்ட்ரோக்ல தோத்துட்டாரு. அந்த ஒரு ஸ்ட்ரோக்க போடாம இருந்திருந்தா பிளே ஆஃபே வந்திருக்காது, கப்பு அவருக்குத்தான். எல்லாரும் அவர பாராட்டினப்போ, பேங்க்ல கொள்ளை அடிக்காததுக்கு பாராட்டுவீங்களாங்கற மாதிரி கேட்டதா சொல்லுவாங்க.

ஆனா எனக்கு அத விட நெருக்கமா இருக்கறது பிளேன் பார்பர்ங்கற அமெரிக்க கோல்ஃப் வீரரோட கதைதான். 2012, அமெரிக்காவோட பெரிய தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூருக்கு போறதுக்கான குவாலிஃபையிங் ஸ்கூல்ங்கற தேர்வுப் போட்டி, முதல் கட்டம். பங்கர்ல ஒரு காஞ்ச இலைய மட்டை தொட்ட மாதிரி அவருக்கு ஒரு சந்தேகம். கேடியா வந்த கூடப் பிறந்தவரே இல்ல தொடலன்னு சொல்றாரு. இருந்தாலும் ஒரு ஸ்ட்ரோக் போட்டுக்கிட்டாரு. அப்புறம்தான் தெரியுது, அன்னைய ரூல்படி அதுக்கு பெனால்டி ரெண்டு ஸ்ட்ரோக். அப்ப அவரு கையெழுத்து போட்ட கார்டு தப்பு. அடுத்த கட்டத்துக்கு தேர்வாயிட்டாரு, யாருக்கும் எதுவும் தெரியாது, சில நாள் தூக்கமில்லாம கிடந்துட்டு அவரே போன் பண்ணி சொல்லி டிஸ்குவாலிஃபை ஆயிட்டாரு. ஒரு வருஷ வாய்ப்பு போச்சு. பின்னாடி பிஜிஏ டூர்ல ஆடினாரு. 2019ல இருந்து பங்கர்ல இலைய கையாலயே எடுத்துப் போடலாம், பெனால்டியே இல்ல. ஆனா அவரு ஆடினது 2012 ரூல்ல, அந்த ரூலுக்குத்தான் அவரு பதில் சொல்லணும், சொன்னாரு. இத நான் எத்தனை வாட்டி படிச்சிருப்பேன் தெரியுமா, படிச்சிட்டும் அன்னைக்கு நான் கையெழுத்து போட்டேங்க.

இதுல இன்னொரு வகை திருட்டு இருக்கு, அதயும் வேகமா சொல்லிடறேன், ஏன்னா ஒவ்வொரு கிளப்லயும் இருக்கு. ஹேண்டிகேப் திருட்டு. 2020ல இருந்து உலகம் பூரா ஒரே ஹேண்டிகேப் முறை, உங்க கடைசி 20 ஸ்கோர்ல நல்லா ஆடின 8ஐ எடுத்து சராசரி போடுவாங்க. நல்லா ஆடின ரவுண்ட பதிவே பண்ணாம விட்டுட்டு, மோசமா ஆடினத மட்டும் ஏத்தி, நாலடி தூரத்துல இருந்து குழிக்குள்ள உருட்டற ஷாட்ட வேணும்னே தவற விட்டு, ஹேண்டிகேப்ப ஊத வச்சுக்குவாங்க, கப்பு இருக்கற நாள்ல மட்டும் நிஜ ஆட்டம் வெளிய வரும். இவங்களத்தான் சேண்ட்பேகர்னு சொல்றது. 1995ல தொழில்முறை வீரரும் அமெச்சூரும் ஜோடியா ஆடற பெபிள் பீச் புரோ ஆம் போட்டியிலயே ஒரு ஜப்பான் தொழிலதிபர் ஹேண்டிகேப் 15னு ஆடி அமெச்சூர் பிரிவுல ஜெயிச்சாரு, அப்புறம் நிஜ ஹேண்டிகேப் 6னு தெரிஞ்சு அந்த வெற்றியையே ரத்து பண்ணாங்க. இப்ப முறையில ரொம்ப நல்ல ஸ்கோர் ஒண்ணு வந்தா ஹேண்டிகேப்ப தானா குறைக்கற வசதி இருக்கு, நல்லதுதான், ஆனா பதிவே பண்ணாத ஸ்கோர கம்ப்யூட்டர் என்ன பண்ணும். கூட ஆடினவன்தான் சொல்லணும். இங்கயும் மார்க்கர்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன். ரெண்டு வாரம் கழிச்சு கிளப்ல பேச்சு கிளம்பிருச்சு. அந்த மரத்துக்குள்ள இருந்து வேலையாள் ஒருத்தர் ஒரு பால் எடுத்துட்டு வந்து குடுத்தாரு, அதுல சாரோட ரெண்டு செவப்பு புள்ளி. கமிட்டி விசாரிச்சாங்க. என்ன முடிவு வந்துச்சு தெரியுமா? கேடி அண்ணனுக்கு ஒரு மாசம் சஸ்பென்ஷன். சாருக்கு ஒண்ணும் இல்ல, "எனக்கு எதுவும் தெரியாது, கேடி பண்ணியிருக்கான்"னு சொல்லிட்டாரு, என்ன யாரும் கேக்கவே இல்ல. மாச சம்பளம் இல்லாத ஆளுங்க அவரு, ரவுண்டுக்கு இவ்வளவுனு கூலியும் டிப்ஸும்தான், கேட்டுக்குள்ள விடலன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது.

கோபமா வந்துச்சு, வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட கத்தினேன், இது அநியாயம்பா, கமிட்டி இப்படி பண்ணலாமானு. அப்பா கட்டில்ல உக்காந்து மொத்தத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு ஒரே கேள்வி. "அந்த கார்டுல யார் கையெழுத்துடா இருக்கு?" அவ்வளவுதான். அப்புறம் நான் பேசல, ரெண்டு பேரும் சாப்பிட்டோம்.

அந்த ராத்திரி ரூல் புக்க எடுத்து உக்காந்தேன். ரூல் 10.3ல தெளிவா இருக்கு, கேடி ரூல மீறினா பெனால்டி ஆடறவருக்குத்தான். கேடிய தண்டிச்சுட்டு ஆடினவர விட்டுடலாம்னு அந்த புக்ல எங்கயுமே கிடையாது. ரூல் 1.3ல பெனால்டி இருக்குன்னு தெரிஞ்சே போட்டுக்காதவரு டிஸ்குவாலிஃபை. அதே போட்டியில ஆடறவரே மார்க்கரா இருந்து, ஸ்கோர் தப்புன்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டா அவரையும் டிஸ்குவாலிஃபை பண்ணணும்னு ரூல் 3.3ல வருது. அது நான். போட்டி முடிஞ்சிருச்சு, கப்பு குடுத்தாச்சு, இனிமே எதுக்குனு நாலு பேரு எங்கிட்டயே சொன்னாங்க, ஆனா நேர்மைய மீறினதுக்கு டிஸ்குவாலிஃபை பண்ண கால வரம்பே கிடையாதுன்னு ரூல் 20.2ல எழுதியிருக்கு.

சாருக்கு முதல்ல போன் பண்ணேன், அவருக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு. "சார், நான் லெட்டர் குடுக்கப் போறேன், நீங்களே சொல்லிட்டீங்கன்னா எனக்கு ரொம்ப நிம்மதி"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் அமைதியா இருந்தாரு. "உனக்கு நான் என்னப்பா குறை வச்சேன்"னு கேட்டுட்டு வச்சுட்டாரு. அது ரொம்ப வலிச்சுது, ஏன்னா அவரு ஒரு குறையும் வைக்கல.

வியாழக்கிழமை கமிட்டிக்கு லெட்டர் குடுத்துட்டேன். மூணு விஷயம் எழுதியிருக்கேன். 14வது ஹோல்ல நான் பாத்தது. நான் தெரிஞ்சே கையெழுத்து போட்டேன், அதனால அன்னைய போட்டியில என் ஸ்கோரையும் ரத்து பண்ணுங்க. கேடி அண்ணனோட சஸ்பென்ஷன எடுங்க, அவரு பண்ணது தப்புதான், ஆனா பெனால்டி போக வேண்டிய இடம் அது இல்ல. செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. அண்ணனையும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு கேளுங்கனு கேட்டிருக்கேன், அதுக்கு மட்டும் பதில் வரல.

அந்த ரெண்டாவது வந்த பையன்கிட்டயும் நேத்து நேர்ல பேசிட்டேன். கப்பு உன்னுதுதான், நான் சொல்லியிருக்கணும், சொல்லலன்னேன். அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அண்ணா, என் கார்டுக்கு அடுத்த மாசம் நீங்க மார்க்கரா வருவீங்களா"ன்னு கேட்டான். வரேன்னு சொல்லியிருக்கேன், கிளப்புல என்ன ஆட விட்டா.

கேடி அண்ணன் எதிர்ல டீக்கடையில உக்காந்திருக்காரு, செவ்வாய்க்கிழமை என்ன கேப்பாங்க, எப்படி சொல்லணும்னு பேசலாம்னு வரச் சொல்லியிருந்தேன். அப்பாவும் வந்துட்டாரு போல, கை காட்டுறாரு. நான் போறேன். மீட்டிங் முடிஞ்சதும் என்ன ஆச்சுனு சொல்றேன் மக்களே.