ஐந்து நாள், ஏழு நாள்: துருக்கியில் ஈரானிய அகதியின் நாட்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

1997 நவம்பரில் ஹோதா ஜபாரி என்ற ஈரானியப் பெண் எல்லை தாண்டித் துருக்கிக்குள் வந்தார். மணமான ஆணுடன் உறவு வைத்திருந்தார் என்பது அவர் மீதான பழி. ஊர் திரும்பினால் கல்லால் அடித்துக் கொல்லும் தண்டனை வரை போகலாம். ஐ.நா. அகதிகள் முகமை அவரை அகதி என்று ஏற்றது. துருக்கி அதிகாரிகளோ அவர் சொன்ன ஆபத்து உண்மையா என்று விசாரிக்கவே இல்லை. நாட்டுக்குள் நுழைந்த 5 நாளுக்குள் மனு வரவில்லை, ஆகவே தள்ளுபடி. அவ்வளவுதான். 2000 ஜூலை 11 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவரைத் திருப்பி அனுப்பினால் அது மனித உரிமை உடன்படிக்கையின், சித்திரவதையைத் தடை செய்யும் 3ஆம் பிரிவை மீறுவதாகும் என்று தீர்ப்புச் சொன்னது. கொடுமைக்கு ஆளாகக்கூடிய ஒருவரின் மனுவை நாட்கணக்கை மட்டும் பார்த்து ஒதுக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

அந்த 5 நாள் விதி இப்போது இல்லை. வேறு நாட்கணக்குகள் வந்துவிட்டன. முக்காட்டு விதியை மீறினார் என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி 2022 செப்டம்பர் 16 அன்று காவலில் இறந்த பிறகு தெருவில் இறங்கியவர்கள், செய்தியாளர்கள், குர்துகள், பஹாய் சமயத்தவர், மதம் மாறியவர்கள் என்று பலர் ஈரானை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவ நினைப்பவர்கள் பதாகை பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பதாகை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் அகதியின் கோப்பு தோற்பது பெரும்பாலும் தவறவிட்ட தேதியாலும் தப்பாக எழுதிய தேதியாலும்தான்.

ஏன் துருக்கி? ஈரானியர் 90 நாள் வரை விசா இல்லாமல் அங்கே தங்கலாம். வான் மாகாணத்தில் காபிகோய், அதற்கு வடக்கே குர்புலாக் என்று தரைவழி வாசல்கள் உண்டு. வெளியேறத் தடை உள்ளவர்கள் மலைவழியே நடந்து வருகிறார்கள். ஆனால் துருக்கி 1951 அகதிகள் உடன்படிக்கையில் ஒரு வரம்பு வைத்துக் கையெழுத்திட்ட நாடு: ஐரோப்பாவில் நடந்த நிகழ்வுகளால் ஓடி வருபவரே அங்கே முழு அகதி. ஈரானியருக்குக் கிடைப்பது 'நிபந்தனை அகதி' நிலை. வேறு நாடு ஏற்கும் வரை இருந்துகொள், இங்கே வேரூன்றாதே என்று பொருள். 2018 செப்டம்பர் 10 முதல் பதிவும் விசாரணையும் ஐ.நா. முகமையிடமிருந்து துருக்கியின் குடிவரவுத் துறைக்கு மாறிவிட்டன. இன்றும் முகமை அலுவலகத்தைத் தேடி அங்காரா போய் நாளை வீணாக்குபவர்கள் உண்டு. போக வேண்டிய இடம் மாகாணக் குடிவரவு அலுவலகம்.

பதிந்ததும் ஓர் ஊரை ஒதுக்குவார்கள். எஸ்கிஷெஹிர், தெனிஸ்லி, கைசேரி போன்ற ஊர்கள். அங்கேயே குடியிருந்து, குறித்த நாளில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கையெழுத்துக்குத் துருக்கியில் 'இம்ஸா' என்று பெயர். நம் காதில் அது 'இம்சை' என்று விழுவது பொருத்தம்தான்! நியாயமான காரணமின்றி அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் மனுவைத் திரும்பப் பெற்றதாகவே சட்டம் கருதும். அனுமதியின்றி ஊரை விட்டுப் போனாலும் அப்படியே. சிக்கல் பிழைப்பில்தான் தொடங்குகிறது. மனுக் கொடுத்து 6 மாதம் கழித்தே வேலை அனுமதி கேட்கலாம். அப்போதும் முதலாளி முன்வராமல் காரியம் நடக்காது. ஒதுக்கிய ஊரில் வேலை இருக்காது. இஸ்தான்புல்லின் தையல் பட்டறைக்குப் போவார்கள், மூன்று கையெழுத்து தவறும், கோப்பு மூடப்படும். உடல்நிலை காரணம் என்றால் அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்றை வாங்கி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். ஒருவருக்கு வாடகைக்குக் கொடுக்கும் சிறு உதவி, அவர் மனு உயிரோடு இருப்பதற்கான செலவு. இதைத் தர்மம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது நேர்காணல். ஈரானின் நாட்காட்டி வேறு. மார்ச் 20 அல்லது 21இல் புத்தாண்டு. முதல் ஆறு மாதத்துக்கு 31 நாள், அடுத்த ஐந்துக்கு 30, கடைசி மாதத்துக்கு 29, மிகுநாள் ஆண்டில் 30. ஈரானிய ஆண்டோடு 621 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று மொழிபெயர்ப்பாளர் நினைத்தால் தொலைந்தது. ஒருவர் 1401ஆம் ஆண்டு தெய் என்ற பத்தாம் மாதம் 20ஆம் நாள் போராட்டத்துக்காகக் கைதானேன் என்கிறார். சரியான தேதி 2023 ஜனவரி 10. 621 மட்டும் கூட்டினால் 2022 ஜனவரி 10. போராட்டம் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே கைது! தெய் 11 வாக்கில் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறது, அதன்பின் 622 கூட்ட வேண்டும். இந்த ஒரு இலக்கத்தால் 'முன்னுக்குப் பின் முரண்' என்று எழுதிவிடுவார்கள். ஆகவே வாக்குமூலத்தில் முதலில் ஈரானியத் தேதியை எழுதுங்கள், அதன்கீழே மாற்றிய தேதியை எழுதுங்கள். நேர்காணல் முடிந்ததும் பதிவை வாசித்துக் காட்ட வேண்டும், படி ஒன்று தர வேண்டும் என்பது சட்டம். வாசிக்காமல் கையெழுத்திடச் சொன்னால் மறுக்கலாம்.

சான்றுகளில் இரண்டு சங்கதிகள். ஈரான் நீதிமன்ற அழைப்பாணை இப்போது 'சனா' என்ற மின்னணு அறிவிப்பு முறை வழியாகவும் வருகிறது; முத்திரைத் தாள் இல்லை என்பதாலேயே வழக்கு பொய் ஆகாது. அந்தக் கணக்கை வெளிநாட்டிலிருந்து திறந்தால் தடம் ஈரான் அரசின் கணினியில் பதியும், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் திறங்கள். காசுக்குச் செய்து தரும் போலி அழைப்பாணையைத் தொடவே தொடாதீர்கள். உண்மையான வாக்குமூலத்தையும் அது கெடுத்துவிடும். இன்னொன்று, 'சொந்தக் கடவுச்சீட்டில் விமானம் ஏறினாயே, அப்படியானால் உன்னை யாரும் தேடவில்லை' என்ற வாதம். வெளியேறத் தடை என்பது தனி ஆணை. வழக்கு இருப்பதாலேயே அது தானாக வந்துவிடாது. இதை நேர்காணலிலேயே சொல்லிப் பதிய வைக்க வேண்டும்.

உதவுகிறவர்கள் படம் எடுத்துப் போடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்வது நல்லது. ஈரான் அரசை எதிர்த்துவந்த, ஸ்வீடனில் குடியுரிமை பெற்ற ஹபீப் சாப் 2020 அக்டோபரில் இஸ்தான்புல்லுக்கு வந்த இடத்தில் கடத்தப்பட்டு, ஈரானுக்குக் கொண்டுபோகப்பட்டு, 2023 மே 6 அன்று தூக்கிலிடப்பட்டார். யார் எந்த ஊரில் தங்கியிருக்கிறார் என்பது முகநூலில் போடும் செய்தி அல்ல.

கனடாவிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து பேர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்துக்கு 12 மாதம் பொறுப்பேற்கும் திட்டத்துக்கு, அகதி என்று ஏற்ற ஆவணம் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். துருக்கியில் முடிவு இழுத்தடிக்கப்படும்போது இதுவும் சேர்ந்து இழுக்கிறது. போதாதற்கு 2024 நவம்பர் 29 முதல் புதிய மனுக்கள் வாங்குவதை அரசு நிறுத்தி வைத்தது. மீண்டும் திறந்தார்களா என்று அரசின் இணையதளத்தில் பார்த்த பிறகே யாருக்கும் நம்பிக்கை கொடுங்கள்.

கடைசியாக, நாடுகடத்தும் ஆணை. நிர்வாக நீதிமன்றம் போக முன்பு 15 நாள் இருந்தது. 2019 டிசம்பர் திருத்தம் அதை 7 நாளாக்கியது. தாளைக் கொடுத்த நாளிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். தாளில் எழுதியிருக்கும் கெடுவைப் பாருங்கள், பிறர் சொல்வதை நம்ப வேண்டாம். உரிய நாளில் வழக்குப் போட்டால் தீர்ப்பு வரும் வரை அனுப்ப முடியாது. 'விருப்பப்பட்டே திரும்புகிறேன்' என்ற படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டாலோ எல்லாம் போச்சு. தடுப்பு மையத்துக்குள் போன பிறகு வழக்கறிஞருக்கு வக்காலத்து கொடுப்பதும் பெரும்பாடு. அடையாள அட்டை இல்லையென்றால் நோட்டரி பதிய மாட்டார். அதனால் அட்டை செல்லுபடியாகும்போதே நோட்டரியிடம் வக்காலத்தைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் அந்த ஊர் வழக்கறிஞர் சங்கத்தின் இலவச சட்ட உதவிப் பிரிவுக்குப் போகலாம். வழக்கறிஞரின் எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே போகும்போது முதலில் வாங்கிக்கொள்வது கைப்பேசியைத்தான்.

வணக்கம்.