1700 ரூபா எங்க போச்சு? வர்த்தமானிக்கும் கோர்ட்டுக்கும் நடுவுல நம்ம சம்பளம்

வணக்கம் மக்களே. 2024 மே தினத்தன்னைக்கு இலங்கை மலையகத்துல கொட்டகலை மேடையில அப்போ ஜனாதிபதியா இருந்த ரணில் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1700 ரூபான்னு சொன்னாருல்ல, அந்த மாசமே வர்த்தமானியும், அதாவது அரசாங்கத்தோட அதிகாரப்பூர்வ அறிவிப்பும் வந்துருச்சு, எங்க அம்மா போனுக்கு மட்டும் நாலு பேர் வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாரும் மனக்கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. ஜூலை 4, தோட்டக் கம்பெனிகள் போட்ட வழக்குல உயர் நீதிமன்றம் இடைக்கால தடை போட்டுச்சு. அவ்வளவுதான்.

(ஸ்கிரீன்ல வர்த்தமானி, மேல செவப்பு கோடு)

"கோர்ட்டும் கம்பெனி பக்கமாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. இல்லம்மா, 1700 போதுமா போதாதான்னு இல்ல, அரசாங்கம் அந்த வர்த்தமானிய சட்டம் சொல்ற வழியில போட்டுச்சாங்கறதுதான் அங்க கேள்வின்னேன். பதில் இல்ல, ரொட்டிய திருப்பிப் போட்டாங்க. செப்டம்பர்ல 1350ன்னு வேற வர்த்தமானி வந்துச்சு.

ஆனா இதே மாதிரி தடைக்கு நாம கைதட்டியும் இருக்கோம். 2018 நவம்பர் 9, அப்போ ஜனாதிபதியா இருந்த மைத்திரி பாராளுமன்றத்த கலைச்சாரு. மூணுல ரெண்டு பங்கு எம்பிமார் கேட்டாலொழிய நாலரை வருஷத்துக்கு முன்னாடி கலைக்க ஏலாதுன்னு அரசியலமைப்போட 19ஆவது திருத்தத்துல இருந்துச்சு. நாலே நாள்ல தடை, டிசம்பர் 13 ஏழு நீதியரசர்மாரும் ஒரே குரல்ல செல்லாதுன்னுட்டாங்க. ஜனாதிபதியும் அடங்கிட்டாரு.

எப்பவும் அடங்குவாங்கன்னு நெனச்சுடாதீங்க. 2013 ஜனவரியில பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவ விசாரிச்ச பாராளுமன்ற தெரிவுக்குழுவுக்கு அந்த அதிகாரமே இல்லன்னு கோர்ட்டு சொல்லியும் பதவியில இருந்து தூக்கிட்டாங்க.

இன்னொன்னு இருக்கு, அது இன்னும் நைசான வேல. 2023ல உள்ளூராட்சி தேர்தலுக்கு காசு இல்லன்னு அரசாங்கம் சொல்லுச்சு. பட்ஜெட்ல ஒதுக்குன காச தடுத்து வைக்கக்கூடாதுன்னு மார்ச் 3 உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. உத்தரவு இருந்துச்சு, தேர்தல்தான் நடக்கல! உத்தரவு போடுறது கோர்ட்டு, காசு வெளிய வர்றது திறைசேரியில, அதாவது அரசாங்க கஜானாவுல இருந்து, அந்த சாவி யாருகிட்டன்னு நான் சொல்லணுமா? 2024 ஆகஸ்ட்ல இது அடிப்படை உரிமை மீறல்னு தீர்ப்பு வந்துச்சு, நாம ஓட்டு போட்டது 2025 மே 6. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல உள்ளூராட்சி சபையில மெம்பர்மார் யாரும் இல்ல. நாங்க குடியிருக்கிற லயத்துக்கு போற வழியில லைட்டு எரியலன்னு சபைக்கு சொல்லப் போனப்போ, "செயலாளர் கூட்டத்துல இருக்காரு, திங்கக்கெழம வாங்க"ன்னாங்க.