பெயருக்காக விட்ட இடம்: அக்காவின் புதிய பாடலை வடசென்னை எப்படிக் கேட்டது

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஓசை. நள்ளிரவிலும் அது ஓயாது என்பதால், அதனோடு சேர்த்தே என் பேச்சைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நம் பகுதியில் சிறியவர் பெரியவர் எல்லோரும் 'அக்கா' என்றே அழைக்கும் கானா பாடகியின் புதிய பாடல் காணொளி சென்ற வெள்ளிக்கிழமை மாலை வெளியானது. அன்று முதல் நான்கு நாட்கள் கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று அலைந்து, அவருடைய ரசிகர்களோடு அமர்ந்து ஒரே கைபேசியில் அதைப் பார்த்தேன். அவர்கள் முகம் எந்த இடத்தில் மாறியது, எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள், எதைக் குறை சொன்னார்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பாடலை இங்கே ஒலிக்கவிடப் போவதில்லை. யூடியூபில் ஒரு பாடலின் சில விநாடிகள் கேட்டாலே உரிமையாளரின் ஒலிப்பதிவோடு தானாக ஒப்பிட்டு உரிமை கோரும் ஏற்பாடு இருக்கிறது என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியமாக, நீங்கள் அதை முதன்முறை கேட்கும்போது நடுவில் என் குரல் குறுக்கிடக் கூடாது என்று நினைக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இப்போதே என்னை நிறுத்திவிட்டு, அந்த 4 நிமிடம் 12 விநாடிகளை முழுதாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காணொளி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தொடங்குகிறது. கேட் மூடியிருக்கிறது, சரக்கு ரயில் கடந்துகொண்டே இருக்கிறது, இந்தப் பக்கம் அக்கா ஒரு சைக்கிளைப் பிடித்தபடி காத்து நிற்கிறார். பாடல் வருவதற்கு முன் ஏறத்தாழ 40 விநாடிகள் சக்கரங்கள் தண்டவாளத்தில் எழுப்பும் தடதடப்பு மட்டுமே கேட்கிறது. வெளியூர் நண்பர் ஒருவர் இந்த இடத்தை நீளம் என்று சொன்னார். அதே காட்சியைக் கேட்டுக்கு அருகிலேயே உள்ள தேநீர்க் கடையில் ஏழெட்டுப் பேரோடு பார்த்தபோது, ரயிலின் கடைசிப் பெட்டி கடந்ததும் எல்லோரும் ஒருசேரக் கைதட்டினார்கள். பள்ளிக்குத் தாமதமாகிப் போனதும், பிரசவ வலியோடு ஆட்டோவில் காத்திருந்ததும் அவர்களுக்கு அந்தக் கேட்டில் நடந்தவை. பெட்டிகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள் அவர்கள். ரயிலின் அந்தத் தடதடப்பே, கானாவில் குச்சியால் அடித்து வாசிக்கும் சட்டி என்ற வாத்தியத்தின் தாளமாக மாறிப் பாடல் பிறக்கும் இடத்தை இசையமைப்பாளரின் திறமை என்று யாரும் பாராட்டவில்லை. "இது நம்ம கேட்டு சத்தம்" என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காசிமேட்டில் வலை பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பாடலைக் கேட்டதாகவே தெரியவில்லை. அக்கா படகுகளுக்கு நடுவே நடந்துவரும் காட்சி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, பின்னால் நின்ற விசைப்படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதைத் தடைக்காலத்தில்தான் எடுத்திருக்கிறார்கள்" என்றார். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக் கூடாது. அந்த நாட்களில் மட்டும்தான் படகுகள் இப்படி நெருக்கமாகக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும், பழைய வண்ணத்தின் மேல் பாதி புதுவண்ணம் பூசப்பட்டிருக்கும், கரையில் பனிக்கட்டி உடைக்கும் ஆளே இருக்கமாட்டார் என்று அவர் விளக்கினார். வருமானம் இல்லாத இரண்டு மாதங்களில் எடுத்த காட்சி என்று தெரிந்த பிறகு, அக்காவுக்குப் பின்னால் படகின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞர்களின் முகம் எனக்கு வேறாகத் தெரிந்தது. அதற்கு முன் ஆறு முறை பார்த்தும் அவர்களை நான் கவனித்திருக்கவில்லை.

பார்வை எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இளைஞர்கள் பலர் அதைப் பற்றியே கேட்டார்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டி எண்ணிக்கையை உயர்த்தியிருப்பார்கள் என்று ஒரு தரப்பும், இல்லவே இல்லை என்று மறு தரப்பும் வாதிட்டன. விளம்பரமாக ஓடிய பார்வைகளை 2019 செப்டம்பரிலிருந்து யூடியூப் தன் இசைத் தரவரிசையில் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த வாதத்தை இத்தோடு விடுவோம்.

பெரும்பாலான ரசிகர்களை மகிழ்வித்தது காணொளியில் இல்லாத ஒரு பொருள். முதல் விநாடி முதல் கடைசி விநாடி வரை அதில் ஓர் அரிவாளும் இல்லை, ஒரு துரத்தலும் இல்லை. வடசென்னை என்றாலே கத்தியையும் இருட்டுச் சந்துகளையும் காட்டிப் பழகிய திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வேலைக்கான நேர்காணலில் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் புருவம் உயர்வதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அக்காவின் காணொளியிலும் ஒரு சந்து வருகிறது. அதில் விளக்கு எரிகிறது, நான்கு பெண்கள் கேரம் ஆடுகிறார்கள், ஒருத்தி ஸ்டிரைக்கரை வைத்துக் குறிபார்க்கும்போது மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் காட்சி வந்ததும் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரு மாணவி எழுந்தே நின்றுவிட்டாள். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா அவளுடைய பகுதிப் பெண் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குறை சொன்னவர்களையும் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவருடைய சொல் என்னை இன்னும் விடவில்லை. இரண்டாம் சரணத்துக்கு முன் எண்ணூரின் புகைபோக்கிகள் மாலை வெளிச்சத்தில் வானத்திலிருந்து காட்டப்படுகின்றன. பொன்னிற வானம், கழிமுகத்து நீரில் அதன் நிழல், மெதுவாக மேலேறும் கேமரா என்று எட்டு விநாடிகள் அது நீள்கிறது. பலர் இதையே காணொளியின் மிக அழகான காட்சி என்றார்கள், நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். எண்ணூரில் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அண்ணன், அந்த எட்டு விநாடிகள் முழுவதும் கைபேசியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் வந்து அந்தக் கழிமுகத்தில் பரவியபோது அவருடைய வலைகளும் படகும் கருநிறமாயின. அதே மாத இறுதியில் ஓர் இரவு, பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருவர். "அக்கா தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் எங்கள் புகையை மேலே இருந்து பார்த்தால் அழகாக இருக்கிறது, கீழே இருந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் மனிதர்களின் தோள் உயரத்தில் நின்ற கேமரா, எண்ணூருக்கு வந்ததும் ஏன் பறக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அக்காவின் குழுவுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இனி, நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

மரண கானாவைக் கேட்டறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால், அன்றிரவோ காரியத்துக்கு முந்தைய இரவோ பந்தலில் கானா பாடுவார்கள். பாடகர் முதலில் வீட்டாரிடம் இறந்தவரின் பெயரையும், பிள்ளைகளின் பெயர்களையும், அவர் செய்த தொழிலையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வார். மெட்டு எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், பெயர் மட்டும் அந்த வீட்டுக்குரியது. மெட்டின் நடுவில் பெயர் வந்து விழும்போதுதான் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த வீட்டார் உடைந்து அழுவார்கள். என் தாத்தாவின் காரியத்துக்கு முந்தைய இரவு, ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் அதை நேரில் கண்டேன். அந்தப் பாட்டை யாரோ கைபேசியில் பதிவு செய்து, மெமரி கார்டில் ஏற்றி, எங்கள் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். அக்காலத்தில் கானா காணொளி என்பது அதுதான்: பந்தல் விளக்கின் கீழ் நடுங்கும் படம், பாதிக் குரல், பாதிக் கூட்டத்தின் இரைச்சல். 2006ஆம் ஆண்டில் கானா உலகநாதன் திரையில் தாமே தோன்றிப் பாடியபோது எங்கள் வீட்டில் அதைக் கொண்டாடினார்கள் என்றாலும், பந்தலில் பாடப்படும் இந்தப் பாட்டு மட்டும் பந்தலிலேயே இருந்துவிட்டது.

அக்காவின் புதிய பாடல் மரண கானாவின் மெட்டில் அமைந்தது. பல்லவியில் பெயர் வர வேண்டிய இடம் வருகிறது. அங்கே அவர் பெயர் எதுவும் பாடவில்லை. சட்டி, டோலக், குரல் அனைத்தும் நின்று, ஒரு தாள அளவுக்கு முழு அமைதி நிலவுகிறது. அடுத்த அடியில் எல்லாம் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. பாடல் முழுவதும் இந்த இடைவெளி நான்கு முறை வருகிறது. நான் சந்தித்தவர்களில் ஒருவர்கூட இதை என்னிடம் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் முறை அந்த இடம் வரும்போது அவர்களுடைய உதடுகள் அசைந்தன. தேநீர்க் கடையில் ஏழெட்டுப் பேரும் ஏழெட்டுப் பெயர்களை முணுமுணுத்தார்கள். காசிமேட்டுப் பெரியவரும், பாடலைக் கேட்கவில்லை என்று நான் நினைத்தவர், நான்காம் முறை ஒரு பெயரைச் சொன்னார்.

வியாசர்பாடியில் முப்பது ஆண்டுகளாகச் சட்டி வாசிக்கும் ஓர் அண்ணன் மட்டும் இதை ஏற்கவில்லை. பந்தலில் எந்தக் காலத்திலும் தாளம் நிற்காது, பாடகருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டாலும் குச்சி நிற்கக் கூடாது என்றுதான் தமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சற்றுக் கோபத்தோடு சொன்னார். மேலும், இரண்டாம் சரணத்தில் கணினியில் செய்த தாளம் சட்டியின் மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது என்றும், இத்தனை செலவு செய்தவர்கள் ஒரு நல்ல வாத்தியக்காரரின் கையை முன்னுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்றும் வருந்தினார். இரண்டாவது குறையில் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். ஹெட்போனில் கேட்டால் அந்தச் சரணத்தில் சட்டி எங்கோ தொலைவில் கிடக்கிறது. முதல் குறையில் அவரோடு உடன்பட முடியவில்லை. அவருடைய விரல்களும் உடன்பட்டதாகத் தெரியவில்லை, ஏனெனில் மறுமுறை ஓடவிட்டபோது அந்த அமைதியான தாள அளவை அவர் மேசையின் மேல் தட்டி நிரப்பினார்.

தண்டையார்பேட்டையில் கல்லூரி முடித்த ஒரு தங்கை சொன்னது வேறு வகையானது. அவளும் கானா பாடுபவள். சாவு வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கலாம், பந்தலில் ஏறிப் பாடுவது மட்டும் ஆண்களின் வேலை என்று கேட்டு வளர்ந்தவள். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது அதில் இருந்த ஒரே பெண் கானா பாடகி இசைவாணி. 2020இல் அவர் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றபோது, அந்தச் செய்தி வந்த நாளிதழின் பக்கத்தை வெட்டித் தன் பாடநூலுக்குள் வைத்திருந்ததாக இந்தத் தங்கை சொன்னாள். புதிய காணொளியின் இறுதியில் அக்கா பந்தலுக்கு உள்ளே, ஒலிவாங்கிக்கு முன்னால், ஆண் வாத்தியக்காரர்களுக்கு நடுவில் நின்று பாடுகிறார். அந்தக் காட்சியில் தங்கை அழவில்லை, கைதட்டவுமில்லை. ஒரு பெண்ணின் சுருதிக்கு மெட்டை எந்த அளவு ஏற்றியிருக்கிறார் என்று கவனித்து, என் நோட்டை வாங்கி ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அதற்கு முந்தைய மாதம் காலமான தன் பாட்டியின் பெயரை அந்த இடைவெளியில் வைத்துப் பல்லவியை ஒருமுறை பாடிக் காட்டினாள். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் செய்யவில்லை.

கடைசியாக ஒரு குரல்செய்தி. எங்கள் தெருவில் வளர்ந்து, இப்போது குவைத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் அனுப்பியது. இதைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். அவருடைய தந்தை இறந்தபோது விடுமுறை கிடைக்காததால், சடங்குகள் அனைத்தையும் கைபேசித் திரையில்தான் பார்த்தார். செய்தி 50 விநாடிகள் நீள்கிறது. அதில் அவர் பேசவே இல்லை, அறையில் பாடல் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்கிறது. பல்லவி வருகிறது, தாளம் நிற்கிறது, ஏ.சி.யின் இரைச்சல் தெளிவாகக் கேட்கிறது. அந்த இடத்தில் அவர் தம் தந்தையின் பெயரைச் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் அப்பாவைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "நைனா" என்றார். அதற்குள் அடுத்த அடி தொடங்கிவிட்டது.