அசல் தட்டா, மறுபதிப்பா? மறுபதிப்பு அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இசை ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'மறந்துபோன எழுபதுகளின் ராக் குழுவுக்கு உயிர் கொடுப்பது சேகரிப்பாளர் கையிலுள்ள அசல் தட்டா, மறுபதிப்பா?' இதுதான் இன்றைய தலைப்பு. அசல் தட்டு என்றால் அன்றே வெளிவந்த இசைத்தட்டு; மறுபதிப்பு என்றால் அதே பாட்டுகளைப் பின்னாளில் மறுபடி அச்சடித்து வெளியிடுவது. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு விஷயங்களை அடித்துச் சொன்னார். அந்தக் காலத்து உண்மையான ஒலி அசல் தட்டில்தான் இருக்கிறது. சேகரிப்பாளன் இல்லாவிட்டால் பாட்டே அழிந்திருக்கும். ஒரே ஒரு குழுவை வைத்து இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவுக்குப் போவோம். 1964-இல் விடுதலை பெற்ற நாடு. தாமிரத்தால் பணம் புழங்கிய காலம். வானொலியில் 95 சதவீதம் உள்நாட்டு இசைதான் ஒலிக்க வேண்டும் என்றார் அதிபர் கென்னத் கவுண்டா. சுரங்க ஊர்ப் பையன்கள் கிட்டாரைத் தூக்கினார்கள். ஜாம்பியாவின் ராக் இசையான ஜாம்ராக் பிறந்தது. அதில் முன்னணிக் குழு 'விட்ச்'. முதல் தட்டைப் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமலே வெளியிட்டார்கள். பாடகர் இம்மானுவேல் சாண்டா மேடையில் ஆடிய ஆட்டத்தில் இங்கிலாந்து ராக் பாடகர் மிக் ஜாகர் தெரிந்ததால் ஊரே அவரை ஜகாரி என்று கூப்பிட்டது. 1975-இல் வந்த 'லேசி போன்ஸ்' தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஃபஸ் பெடல் என்ற காலால் மிதிக்கும் கருவியில் கரகரத்து வருகிற கிட்டார், அதை விடாமல் துரத்துகிற டிரம்ஸ். லண்டனிலும் டெட்ராய்ட்டிலும் அப்போது வாசித்துக்கொண்டிருந்த யாருக்கும் இது சளைத்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அப்புறம் தாமிர விலை சரிந்தது. அண்டை நாடுகளின் போர் எல்லை தாண்டி வர, ஊரடங்கும் இரவு விளக்கணைப்பும் வந்தன. இரவுக் கச்சேரிகள் படுத்தன. ஜகாரி 1977-இல் குழுவை விட்டு விலகி இசை ஆசிரியர் ஆனார். பின்னாளில் எய்ட்ஸ் அந்தத் தலைமுறை இசைக்கலைஞர்கள் பலரைக் கொண்டுபோனது. விட்ச் குழுவின் முதல் அணியில் மிஞ்சியவர் ஜகாரி ஒருவர்தான். பிழைப்புக்காக அவர் ரத்தினக்கல் தோண்டும் வேலைக்குப் போனார்.

இங்கேதான் எதிரணியிடம் கேட்கிறேன். இன்று விட்ச் குழுவின் அசல் தட்டு ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது. வாங்கியவர் மகிழ்ந்தார், விற்றவர் மகிழ்ந்தார். பாடியவருக்கு? பழைய தட்டு கைமாறும்போது கலைஞனுக்கு ஒரு பைசா வராது. விலை எவ்வளவு ஏறினாலும் அது பூஜ்யம்தான்.

2012-இல் அமெரிக்காவின் 'நவ்-எகெய்ன்' நிறுவனம் இந்தக் குழுவின் தட்டுகளை ஒரே பெட்டியாகத் தொகுத்து வெளியிட்டது. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஜகாரியின் பெயர் கண்டம் கண்டமாகப் போனது. 2017-இல் ஐரோப்பிய மேடைகளில் பாடினார், அவருடைய பாட்டு வெளிவந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் முன்னால். 2023-இல் 'ஜாங்கோ' என்ற புதிய தட்டே வந்தது, ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் பதிவு செய்யப்பட்டு! எந்த அலமாரியில் உறங்கிய அசல் தட்டு இதைச் செய்தது?

'மறுபதிப்புக்கு மூலம் வேண்டாமா, அதைக் காப்பாற்றியது சேகரிப்பாளன்தானே' என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த நிறுவனத்தை நடத்துபவரே பெரிய தட்டுவேட்டைக்காரர். அவர் தேடியிருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தேடியதோடு அவர் நின்றிருந்தால்? பூட்டி வைத்து, வீட்டுக்கு வரும் நாலு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியிருந்தால்? கதவைத் திறந்ததால்தானே நாம் இன்று இங்கே விட்ச் பற்றிப் பேசுகிறோம்.

ஒலிக்கு வருகிறேன். அந்தத் தட்டுகள் அலமாரியில் வைக்க வாங்கப்பட்டவை அல்ல. வீடுகளிலும் விருந்துகளிலும் தேயத் தேய ஓடியவை. ஊசி ஓடி ஓடித் தட்டின் பள்ளம் தேய்ந்தால் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். டிரம்ஸோடு அடிக்கும் பித்தளைத் தாளமான சிம்பலின் சத்தம் மணல் சத்தமாகிவிடும். கவனமாகச் செய்த மறுபதிப்பில் சிம்பல் சிம்பலாகக் கேட்கும். அன்று ஸ்டூடியோவில் வாசித்தவன் காதுக்கு எது நெருக்கம்? கீறலா?

கலைஞனிடம் கேட்காமல் அடித்து விற்கும் திருட்டுப் பதிப்புகளும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். ஒப்பந்தம் போட்டு, பங்கு கொடுத்து, குழுவின் வரலாற்றை எழுதிச் சேர்த்து வெளியிடும் மறுபதிப்புக்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். ஏலத்தில் போன எந்த அசல் தட்டு ஜகாரியின் கையில் மறுபடி மைக்கைக் கொடுத்தது? நன்றி, வணக்கம்.