முதல் லெவலில் யாருக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் புகுந்துகொள்வார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம். கதை நடத்துபவருக்கு டிஎம் என்று பெயர். நான் பெரும்பாலும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன். ஆட்டம் தொடங்கும் முன்பே, பாத்திரங்களை உருவாக்கும்போதே, அடுத்த சில மாதங்களுக்கு யார் சிரிப்பார்கள், யார் செல்போனை நோண்டுவார்கள் என்பது பாதி முடிவாகிவிடும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். முதல் பதிப்பில் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பலத்துக்கு 6 வந்ததா, வாள் சுழற்றும் ஆசையை மூட்டை கட்டு. 18 விழுவதற்கு 216-ல் ஒரு வாய்ப்பு. 1979-ல் வந்த டிஎம் கையேடு கொஞ்சம் மனமிரங்கியது. நான்கு பகடை உருட்டு, சிறியதைத் தள்ளு, கிடைத்த ஆறு எண்களையும் விரும்பிய இடத்தில் வை என்றது. சராசரி பத்தரையிலிருந்து பன்னிரண்டே காலுக்கு ஏறியது. ஆனால் எல்லாருக்கும் சேர்த்துத்தானே ஏறியது? அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவே விழக்கூடிய இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

அந்த இடைவெளி என்ன செய்யும்? 2014 பதிப்பின் விதிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீரர்கள், இருவர் கையிலும் ஒரே மாதிரி வாள். ஒருவனுக்குப் பலம் 18, இன்னொருவனுக்கு 12. எதிரே காப்ளின் என்ற ஒரு குட்டிப் பூதம். அதன் மேல் அடி விழ 15 வேண்டும், உயிர் 7 புள்ளி. பலத்துக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும் கூடுதல் எண்ணைப் பகடையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், முதலாமவன் இருபது முகப் பகடையில் 9 போட்டாலே போதும், இரண்டாமவனுக்கு 12 வேண்டும். அதாவது இருபதில் பன்னிரண்டு முறை முதலாமவன் அடிப்பான், ஒன்பது முறை இரண்டாமவன் அடிப்பான். பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை, இல்லையா? இப்போது பட்ட அடியைப் பாருங்கள். வாளின் சேதத்துக்கு எட்டு முகப் பகடை. 18 பலம் உள்ளவன் அதனுடன் 4 கூட்டுவான், மற்றவன் 1 கூட்டுவான். ஒரே அடியில் காப்ளின் சாக, முதலாமவனுக்கு எட்டு முகங்களில் ஆறு சாதகம், இரண்டாமவனுக்கு மூன்றுதான். பக்கத்தில் நிற்பவன் வெட்டி வெட்டிச் சாய்த்துக்கொண்டே போக, பலம் குறைந்தவன் கீறிக்கொண்டு நிற்பான். ஒரு மாலை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வாராவாரம் என்றால்?

இதற்கு மாற்றாகப் புள்ளிக் கணக்கு உண்டு. ஆறு தகுதியும் 8-ல் தொடங்கும். கையில் 27 புள்ளி, அதைச் செலவழித்து 15 வரை ஏற்றலாம், கடைசி இரண்டு படிகளுக்கு விலை இரட்டிப்பு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வருகிற மந்திரவாதி எல்லாம் அறிவு 15, பலம் 8 என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து நிற்பார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் போகிறேன். மேசையில் இருப்பவர்கள் மாறி மாறி உருட்டி ஆறு எண்களைச் சேர்க்கிறோம், அந்த ஆறையே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பகடை உருளும் பரபரப்பும் இருக்கிறது, "உனக்கு மட்டும் எப்படி?" என்ற பொருமலும் இல்லை. ஒருவர் 17 உருட்டினால் மேசையே கைதட்டும்.

சரி, எண்ணைச் சமன் செய்தாயிற்று. இது சுலபமான பாதிதான்.

1981 பேசிக் பதிப்பில் மந்திரவாதிக்கு உயிர் ஒரு நாலு முகப் பகடை. 1 விழுந்தால் ஒரே புள்ளி உயிரோடு குகைக்குள் நுழைய வேண்டும். நாளுக்கு ஒரே ஒரு மந்திரம், அதைச் சொல்லி முடித்துவிட்டால் பந்தம் பிடிக்கலாம். திருடன் நிலைமை இன்னும் பாவம். பூட்டைத் திறப்பதுதான் அவன் தொழில், திறக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 15. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அடுத்த லெவலுக்கு, அதாவது அடுத்த படிக்கு ஏற, திருடனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும், வீரனுக்கு 2000 வேண்டும், மந்திரவாதிக்கு 2500. இப்போது பொறுத்துக்கொள், பின்னால் நீதான் ராஜா என்பது மந்திரவாதியிடம் போட்ட ஒப்பந்தம். சமநிலையை ஆண்டுக்கணக்கில் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் ஆண்டுக்கணக்கில் யார் விளையாடுகிறார்கள்? ஒருவருக்கு நைட் ஷிஃப்ட் வரும், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், மூன்றாம் நான்காம் லெவலிலேயே குழு கலைந்துவிடும். அதனால் முதல் மாலையிலேயே எல்லாருக்கும் வேலை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. புதிய பதிப்புகளும் அந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. 2000-ல் வீரன், திருடன், மந்திரவாதி என்று எல்லாப் பாத்திர வகைகளுக்கும் ஒரே லெவல் அட்டவணை வந்தது. 2014-ல் மந்திரவாதி 6 புள்ளி உயிரோடு தொடங்குகிறான், உடல் உறுதிக்கு ஏற்ப அதற்கு மேலும் கிடைக்கலாம். பத்து முகப் பகடைச் சேதம் தரும் ஒரு தீக்கணையைக் கற்றுக்கொண்டால், அதைச் சலிக்கும்வரை வீசலாம்.

அப்புறமும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இரண்டு பேர் பூட்டுத் திறப்பவர்களாக வந்தால், எண்கள் எவ்வளவு சமமாக இருந்தாலும் ஒருவர் சும்மா இருப்பார். அதனால் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது: எந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்? இரண்டு பேர் ஒரே பதில் சொன்னால் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வேன். டிஎம்முக்கும் இதில் பொறுப்பு உண்டு. பேசியே காரியம் சாதிக்கும் வசீகரப் பாணனை ஒருவர் ஆசையாக உருவாக்கிக்கொண்டு வர, நான் எலும்புக்கூடுகள் மட்டுமே உலவும் கல்லறைக் கதையை எடுத்து வைத்தால், அவர் யாரிடம் போய்ப் பேசுவார்? அங்கே பேசத் தெரிந்த ஒரு ஆவியையாவது வைத்தாக வேண்டும்.

காயம் ஆற்றும் பாத்திரத்தை யாரும் எடுக்கவில்லையா? விருப்பமில்லாதவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். ஆளுக்கு இரண்டு குணமாக்கும் மருந்துக் குப்பிகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடையில் ஒன்று 50 பொற்காசு, புது ஆள் சட்டென வாங்கிவிட முடியாது. நன்றி, வணக்கம்.