அணை தடுத்தது உப்பை மட்டுமல்ல

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்த மருத்துவப் பெருமக்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பொறியாளர் பெருமக்களே, இடமில்லாமல் நின்றபடியே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிக் கூறிய நல்ல சொற்களுக்கு நன்றி.

நீர், காடு, காற்று ஆகிய மூன்றிலும் நாம் செய்த மாற்றங்கள் நம் உடலை எப்படித் தாக்குகின்றன என்று பேச வந்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் எங்கே பேசினாலும் இந்தப் பழமொழி கூடவே வந்துவிடும்; இதைவிடப் பொருத்தமானது எனக்குக் கிடைக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, கடலின் உப்புநீர் மேலேறி வயல்களைக் கெடுக்கிறது என்பதற்காக, டியாமா என்ற அணையைக் கட்டி 1986இல் முடித்தார்கள். நோக்கத்தில் குற்றமே இல்லை. உப்பு நின்றது, ஆண்டு முழுவதும் பாசனம் கிடைத்தது. ஆனால் உப்பு வற்றிய நீரில் நத்தைகள் பெருகின. அந்த நத்தைக்குள் வளர்ந்து வெளியேறும் நுண்புழு, குளிக்கவும் துவைக்கவும் ஆற்றில் இறங்குபவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். இரண்டே ஆண்டுகளில், 1988இல், ரிச்சர்ட் டோல் என்னும் ஊரில் குடலைத் தாக்கும் சிஸ்டோசோமியாசிஸ் நோய் தலைகாட்டி, மளமளவென்று பரவியது. இன்னொன்றையும் கேளுங்கள். அந்த நத்தைகளைத் தின்று வந்தவை ஆற்று இறால்கள். அவை இனப்பெருக்கத்துக்காக உவர்நீரைத் தேடி முகத்துவாரத்துக்குப் போய்வர வேண்டும். அந்த வழியை அணை அடைத்துவிட்டது. நத்தைக்கு வாழ்வு தந்த அதே சுவர், நத்தையைத் தின்பவனையும் ஒழித்தது! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

காட்டைப் பற்றியும் ஒரு சொல். மலேசியாவில் பன்றிப் பண்ணைகளை ஒட்டியே பழமரங்களை வளர்த்தார்கள். 1998–99இல், காட்டு வௌவால் கடித்துப் போட்ட பழம் வழியே பன்றிக்கும், பன்றி வழியே மனிதருக்கும் நிபா என்னும் வைரஸ் சென்றதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

காற்றைப் பற்றிப் பேச நேரம் இடந்தரவில்லை. தலைவர் பொறுத்தருள வேண்டும். ஏனெனில் என் கோரிக்கையைச் சொல்லாமல் இறங்க எனக்கு மனமில்லை. அணையோ, சுரங்கமோ, சாலையோ, வரைபடம் ஒப்புதல் பெறும் முன்பே, நோய்ப்பரவல் அறிந்த மருத்துவர் ஒருவரும் உயிரியலாளர் ஒருவரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அதற்கான மனு வாயிலில் உள்ள மேசையில் இருக்கிறது. முதல் கையொப்பத்தை இந்த அரங்கிலுள்ள பொறியாளர்களிடமிருந்தே எதிர்பார்க்கிறேன்.