தட்டை எண்ணியவர்

(விடுதியில் தங்கிப் படிக்கும் கத்தோலிக்க மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பேராசிரியர் குடும்பங்களும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் ஆற்றிய உரை. வாய்ப்பேச்சின் வழுக்கல்களை மட்டும் திருத்தியிருக்கிறேன்.)

அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே, பெற்றோரே, தம்பி தங்கைகளே, இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘வளாகத்தில் விசுவாச வாழ்வு’. நான் இறையியல் படித்தவன் இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன். அதில் ஒன்பது ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்தேன். அந்த ஒன்பது ஆண்டுப் பாடத்திலிருந்துதான் பேசப்போகிறேன். மேற்கோள் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பூசைக்கு முன் ஓர் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார். நான் இங்கே பேராசிரியர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. “சார், இங்கே சேர்த்துவிட்டோம். பையன் பூசைக்குப் போவானா?” என்று கேட்டார். வேலை கிடைக்குமா என்று கேட்கவில்லை, கட்டணத்தில் சலுகை உண்டா என்றும் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவர் இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருப்பார். அம்மா, பதிலை இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில்.

ஊரில் பிள்ளை எப்படிப் பூசைக்குப் போகிறான்? முதல் மணிக்கு நீங்கள் எழுப்புகிறீர்கள். இரண்டாம் மணிக்குத் தண்ணீர் தெளிக்கிறீர்கள். மூன்றாம் மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடுகிறான். போகாவிட்டால்? மதியத்துக்குள் உபதேசியார் கேட்பார், அத்தை கேட்பார், கோயில் வாசலில் பூ விற்கிறவர் கேட்பார். “நேற்று உன் மகனைக் காணோமே” என்பதை விடப் பெரிய மறைக்கல்வி நம் ஊர்களில் கிடையாது. கல்லூரிக்கு வந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடுகிறது. தன் ஊரில் இன்னார் மகனாக இருந்தவன் இங்கே ஒரு பதிவு எண். பெற்றோர் பயப்படுவதோ நாத்திகப் பேராசிரியரைப் பார்த்து. என் அனுபவத்தில் வகுப்பறை வாதத்தில் தோற்று விசுவாசத்தை விட்ட பையன் ஒருவன்கூட இல்லை. கேட்க ஆளில்லாமல் விட்டவர்கள் உண்டு, நிறையவே.

கேள்வி நிற்கக்கூடாது என்று எண்ணித்தான் அந்தக் காலத்தில் பதிவேடு வைத்தார்கள். நான் காப்பாளராக இருந்தது வேறு ஊரில், வேறு கல்லூரியில். பெயர் வேண்டாம். கத்தோலிக்க மாணவர்களுக்குக் காலைப் பூசையில் வருகைப் பதிவு உண்டு. வராதவனுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு அபராதம். அந்தப் பதிவேட்டை எடுப்பது என் வேலை. 1987-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம் என்று நினைவு. ஓரியூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டுப் பையன். புனித அருளானந்தர் இரத்தம் சிந்திச் சிவந்த மண் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஊர்ப்பக்கம். திங்கள் வரவில்லை, செவ்வாய் வரவில்லை, புதன், வியாழன். நான்கு நாளும் நான்கு கோடு போட்டேன். வியாழன் மாலை அறிவிப்புப் பலகையில் அவன் பெயரை எழுதி, இரண்டு ரூபாய் என்று ஒட்டவும் செய்தேன். ஏன் வரவில்லை என்று மாடியேறிப் பார்க்கவில்லை.

எங்கள் உணவுக்கூடத்தில் மாணவன் தன் தட்டைத் தானே கொண்டுவர வேண்டும். தட்டின் விளிம்பில் எண் வெட்டியிருக்கும். கழுவிய தட்டுகளை அடுக்கி வைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் மாலை போட்டுப் பழனிக்கு நடக்கிறவர். வியாழன் இரவு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “சார், நூற்றுப்பதினாலு மூன்று நாளாக நனையவில்லை” என்றார். எனக்குப் புரியவில்லை. “அந்தத் தட்டு கழுவ வரவே இல்லை, சார். பையன் ஊருக்குப் போயிருந்தால் சரி. போகவில்லை என்றால் என்ன சாப்பிடுகிறான்?”

இருவரும் மாடிக்கு ஓடினோம். பையன் போர்வைக்குள் கிடந்தான். டைபாய்டு. உதடு வெடித்திருந்தது. அறைத்தோழர்கள் இருவரும் தொடர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெரியவர் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு வந்தேன். அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தான், பிழைத்தான்.

அவனுடைய அப்பா வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “பெற்ற பிள்ளை போலக் கவனித்திருக்கிறீர்கள் சார், ஆண்டவர் உங்களுக்குக் குறை வைக்க மாட்டார்” என்று அழுதார். நான் மறுத்துச் சொல்லவில்லை. இரவு எல்லாரும் தூங்கிய பிறகு போய், பலகையில் இருந்த அந்த இரண்டு ரூபாய்க் காகிதத்தைக் கிழித்து எடுத்தேன். இதுவரை என் மனைவியைத் தவிர யாருக்கும் இது தெரியாது. இன்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பதிவேடு தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் அந்தப் பெரியவரும் ஒரே பையனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். நான் அவன் பூசைக்கு வந்தானா என்று எண்ணினேன். அவர் சாப்பிட்டானா என்று எண்ணினார்.

இப்போது இந்த ஊருக்கு வருவோம். தெப்பக்குளத்தங்கரையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் மலைக்கோட்டை, உச்சியில் பிள்ளையார். இந்தப் பக்கம், 1890-களில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் கூர்ங்கோபுரம். அதன் நிழலில் புனித வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் பிரெஞ்சு இயேசு சபையார் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு மாற்றிக்கொண்டு வந்தது. வந்த குருக்கள் கல்லூரி மட்டும் கட்டவில்லை. கோயிலும் விடுதியும் சமையற்கட்டும் சேர்த்துக் கட்டினார்கள். ஏன்? பாடம் ஐந்து மணியோடு முடியும். பையன் இரவு முழுக்க அங்கேதானே இருக்கிறான்!

அப்துல் கலாம் அங்கே 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றார் என்பது எல்லாருக்கும் தெரியும். விடுதியில் அவருடைய அறையில் யார் இருந்தார்கள் தெரியுமா? ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். ராமேசுவரத்து முஸ்லிம் இளைஞரான கலாம் விடுதியில் மூன்றாம் ஆண்டில் சைவ உணவுக்கூடத்தின் செயலாளர். இதை அவரே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கத்தோலிக்கக் கல்லூரியின் சைவச் சமையலுக்கு முஸ்லிம் செயலாளர்! மத நல்லிணக்கத்துக்குக் கருத்தரங்கு வைத்து இதைச் சாதிக்க முடியாது. மூன்று கட்டிலை ஓர் அறையில் போட்டால் நடக்கும்.

புனித நியூமனை நீங்கள் அறிவீர்கள். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட ஆங்கிலேயக் கர்தினால். டப்ளினில் 1854-இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கியவர். தங்கிப் படிக்க இடமின்றித் தேர்வு மட்டும் நடத்திப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் ஒன்று, பேராசிரியரும் தேர்வும் இல்லாமல் இளைஞர்களை மூன்று நான்கு ஆண்டு ஒன்றாக வாழவைத்து அனுப்பிவிடும் பல்கலைக்கழகம் ஒன்று, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் இரண்டாவதே என்றார் அவர். தேர்வுத்தாள் திருத்தியே முதுகு வளைந்த எனக்கு இது கொஞ்சம் கசந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

போன டிசம்பரில் இங்கே ஒரு விடுதிக்கு வந்திருந்தேன். இரவு எட்டு மணி. மாடிப்படியின் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பையன் கைப்பேசியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதலியோடு பேசுகிறான் என்று எண்ணி ஒதுங்கப் பார்த்தேன். கைப்பேசியிலிருந்து ஒரு கிழவியின் குரல், “பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று. பின்னால் குக்கர் விசில். பையன் தாழ்ந்த குரலில், “தூய மரியே, இறைவனின் தாயே” என்று மறுபாதியைச் சொன்னான். பாட்டி பழைய செபத்தில் தொடங்க, பேரன் புதிய செபத்தில் முடிக்க, இடையில் சிக்னல் இரண்டு முறை அறுந்தும் செபமாலை போய்க்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு கைப்பேசியை மூடப்போனான். “முடி தம்பி, இன்னும் எத்தனை மணி?” என்றேன். “நான்கு” என்றான்.

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இரவெல்லாம் யோசித்தேன். கத்தோலிக்க வளாகத்தில், கோபுரம் தெரியும் தூரத்தில், ஒரு பையன் படிக்கட்டில் ஒளிந்து செபமாலை சொல்கிறான். கோயிலில் எட்டரைக்கு ஆங்கிலத் திருப்பலி, கிட்டாரோடு. அங்கே ஏன் அவன் சேரவில்லை? கேட்டேன். “அங்கே பதில் சொல்லத் தெரியாது சார். மற்றவர்கள் மளமளவென்று சொல்வார்கள். நான் வாயை அசைப்பேன்.” தமிழ்ப் பூசையின் பதிலை, ‘உம் ஆன்மாவோடும் இருப்பாராக’ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் அவன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இலத்தீனிலிருந்து நம்மைத் தமிழுக்குக் கொண்டுவந்து அறுபது ஆண்டு ஆகிறது. நாம் வளாகத்துக்குள் இன்னோர் இலத்தீனைக் கட்டிவிட்டோம். வடமாநில மாணவர்களும் வடகிழக்கு மாணவர்களும் இருக்கிறார்கள், ஆங்கிலம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ்ப் பூசையை விடியற்காலை ஆறு மணிக்கும் ஆங்கிலப் பூசையை வசதியான நேரத்துக்கும் வைப்பது யாருடைய வசதிக்காக? அருட்தந்தை சிரிக்கிறார். சிரித்தால் போதாது, ஃபாதர், நேரத்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். குடும்பம் குடும்பம் என்கிறோம். நம் குடும்பத்தில் எல்லாரும் ஒரே பந்தியிலா உட்கார்ந்தோம்? மேலப்புதூர்க் கல்லறைச் சுவரைப் பற்றி இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை. செத்த பிறகும் சாதிக்கொரு பக்கம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவனுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அரசு அவனைக் கிறிஸ்தவன் என்று சொல்லி ஒதுக்குகிறது, பங்கில் சிலர் தலித் என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். அப்படி இரண்டு பக்கமும் அடிபட்டு வந்த பிள்ளை முதல் தடவையாக யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று கண்ட இடம் பல நேரம் கல்லூரி விடுதியாக இருந்திருக்கிறது. அதனால்தான் அங்கே நடக்கும் சின்ன ஒதுக்கலும் பெரிதாக வலிக்கிறது.

1924-இல் தொடங்கிய கத்தோலிக்க மாணவர் இயக்கம், இன்று ஐக்கஃப் என்று நாம் அழைப்பது, 1970-இல் பூந்தமல்லியில் கூடி ஒரு வாக்குறுதி எடுத்தது. அநீதியான சமுதாயத்தில் பிறந்திருக்கிறோம், அதைக் கண்ட நிலையிலேயே விட்டுப்போக மாட்டோம் என்று. எனக்கு முன் படித்த அண்ணன்மார் அதை விடுதிச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். அந்த இயக்கத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தியவர் அருட்தந்தை செராக். பிரான்சில் 1914-இல் பிறந்து, 1937-இல் இங்கே வந்து, 2012-இல் சென்னையில் மறைந்தவர். கல்லூரி மாணவர்களைச் சேரிக்கும் சிற்றூருக்கும் கூட்டிப்போனவர். மானாமதுரை வறட்சிப் பகுதியில் கிணறு வெட்டப் பாடுபட்டவர். பிள்ளைகளை அறையில் உட்காரவைத்து, “விசுவாசம் என்றால் என்ன?” என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அவர் கொஞ்சம் சங்கடமான ஆள்தான்.

நேரமாகிறது, சமையற்கட்டிலிருந்து வாசனை வருகிறது. வளாகக் குடியிருப்பில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்பது ஆண்டு காப்பாளர் பதவி என் பெயரில் இருந்தது. வேலையைப் பார்த்தவர் என் மனைவி. காய்ச்சல் கஞ்சி, தேர்வு முடிவு வந்த இரவில் அழுகை, அப்பா இறந்த செய்தியை ஒரு பையனிடம் சொல்ல வேண்டிய விடியற்காலை, எல்லாம் அவர்தான். சம்பளம் இல்லை, பதவியின் பெயரும் இல்லை. என் பிள்ளைகள் இருநூறு அண்ணன்களோடு வளர்ந்தார்கள். மகள் சைக்கிள் கற்றுக்கொண்டது ஒரு கன்னியாகுமரி மாவட்டத்து மாணவனிடம், சீட்டாட்டம் கற்றுக்கொண்டது யாரிடம் என்று இன்றுவரை சொல்லவில்லை. துப்புரவுப் பணியாளர் வீட்டு விசேஷத்துக்கும் முதல்வர் வீட்டு விசேஷத்துக்கும் ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு போனவர் என் மனைவி. கேட்டால் வேறு நல்ல சேலை இல்லை என்பார்.

அம்மா, உங்கள் பையன் பூசைக்குப் போவானா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவன் நான்கு நாள் வராவிட்டால் யாராவது மாடியேறிப் பார்ப்பார்களா என்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்ய முடியும். நாங்கள் இருவரும் இப்போது வளாகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வாடகைக்கு இருக்கிறோம். என் மனைவி பின்வரிசையில், கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து பேராசிரியர் வீடுகளும் சேர்ந்திருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பிள்ளையின் பெயர், ஊர், அறை எண், வீட்டில் கூப்பிடும் பெயர், காரம் ஆகுமா ஆகாதா, இவ்வளவையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா அவரிடமே இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன முறை மூன்று போய்விட்டது.